ஆள் சேர்த்துவிட்டால் பரிசு: வாங்கலாமா?

வாசகர் கேள்விகளுக்கு மார்த்தாண்டத்து வரி ஆலோசகர் ஒருவரின் பதில்கள்

கூலிப் பட்டியல், பிஎஃப், ஜிஎஸ்டி எல்லாம் பார்த்துத் தரும் சர்வீஸ்களில் ஆள் சேர்த்துவிட்டால் பணம் தருகிறார்களே, வாங்கலாமா என்று கட்டட வேலையில் இருக்கும் பலர் எழுதியிருக்கிறீர்கள். மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு இந்த முறை இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: நான் சென்ட்ரிங், கான்கிரீட் வேலையை சப்-காண்டிராக்ட் எடுத்துச் செய்கிறேன். என்னிடம் 22 பேர் வேலை பார்க்கிறார்கள். சம்பளக் கணக்கு, பிஎஃப், இஎஸ்ஐ (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு), ஜிஎஸ்டி, வருமான வரி எல்லாவற்றையும் ஒரு சர்வீஸ்காரர்கள் மாதம் 3,000 ரூபாய்க்குப் பார்த்துத் தருகிறார்கள். இப்போது, தெரிந்த சப்-காண்டிராக்டர் ஒருவரைச் சேர்த்துவிட்டால் 2,000 ரூபாய், ஐந்து பேரைச் சேர்த்தால் ஒரு மாதக் கட்டணம் இலவசம் என்கிறார்கள். என் மச்சானும் இன்னும் இரண்டு பேரும் சேரத் தயாராக இருக்கிறார்கள். வாங்கினால் தப்பா? வரி உண்டா?
— ஒரு சப்-காண்டிராக்டர், தக்கலை

பதில்: தப்பில்லை அண்ணாச்சி. ஆனால் வாங்கும் முன் மச்சானிடம் சொல்லிவிடுங்கள்: "நீ சேர்ந்தால் எனக்கு இரண்டாயிரம் கிடைக்கும்." இதைச் சொல்லத் தயக்கமாக இருந்தால் அந்தப் பணத்தைத் தொடாதீர்கள். நம் பக்கத்தில் கட்டட வேலை சொந்தம், ஊர்க்காரர், கூடப் படித்தவர் என்ற பழக்கத்தில்தான் ஓடுகிறது. நாளைக்கு பிஎஃப் கட்டாமல் விட்டு நோட்டீஸ் வந்தால் மச்சான் அந்த ஆபீஸுக்குப் போக மாட்டார். நேரே உங்கள் வீட்டுக்குத்தான் வருவார்.

முதலில், பரிசு தருவது யார் என்று பாருங்கள். பட்டயக் கணக்கர், அதாவது சிஏ, தன் கட்டணத்தில் பங்கோ கமிஷனோ வெளியாளுக்குக் கொடுக்கக் கூடாது. 1949-ஆம் ஆண்டின் பட்டயக் கணக்கர் சட்டத்தின் முதல் அட்டவணை அதைத் தொழில் ஒழுக்க மீறலாக வைத்திருக்கிறது. சம்பளக் கணக்கு பார்க்கும் சாதாரண நிறுவனத்துக்கு அந்தத் தடை இல்லை. ஆகவே "எங்களிடம் ஆடிட்டர் இருக்கிறார், அவர்தான் கமிஷன் தருகிறார்" என்று யாராவது சொன்னால் அங்கேயே நின்று யோசியுங்கள். அவர் சிஏ-வாக இருந்தால் தன் தொழில் விதியை மீறுகிறார். இல்லாவிட்டால் உங்களிடம் பொய் சொல்லப்பட்டிருக்கிறது.

அடுத்தது வரி. நீங்கள் வாங்கும் 2,000 ரூபாய் கமிஷன் வருமானம். ஒரு நிதியாண்டில் இது 20,000 ரூபாயைத் தாண்டினால் அவர்கள் 2 சதவீதம் டிடிஎஸ், அதாவது பணம் தரும்போதே கழித்துக் கட்டும் வரி, பிடிக்க வேண்டும். தாண்டாவிட்டால் பிடிக்க மாட்டார்கள். ஆனால் பிடிக்காத பணமும் வருமானம்தான், கணக்கில் காட்டியாக வேண்டும். நீங்கள் ஜிஎஸ்டி பதிவு உள்ளவர் என்பதால் இந்தக் கமிஷனுக்கும் 18 சதவீதம் சேர்த்து பில் போட வேண்டிவரும்.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. உங்களைப் போன்ற பெரும்பாலான சப்-காண்டிராக்டர்கள், 44ஏடி என்று நாம் சொல்லிப் பழகிய வருமான வரிச் சட்டப் பிரிவின்படி ரிட்டர்ன் போடுகிறீர்கள். வரவில் வங்கி வழியே வந்ததற்கு குறைந்தது 6 சதவீதம், ரொக்கத்துக்குக் குறைந்தது 8 சதவீதம் லாபம் என்று காட்டினால் போதும், கணக்குப் புத்தகம் கேட்க மாட்டார்கள். அந்தச் சலுகை கமிஷன், தரகு வருமானம் ஈட்டுபவருக்குக் கிடையாது என்று அதே பிரிவு சொல்கிறது. கமிஷனுக்கு மட்டும் கிடையாதா, அல்லது ஆளுக்கே கிடையாதா என்று வழக்காடலாம். வருடத்துக்கு நாலாயிரம், ஆறாயிரத்துக்காக அந்த வழக்கை நீங்கள் ஏன் தலையில் ஏற்ற வேண்டும்? என் யோசனை, ரொக்கப் பரிசு வேண்டாம் என்று சொல்லி, அதை உங்கள் மாதக் கட்டணத்தில் தள்ளுபடியாகத் தரச் சொல்லுங்கள். 3,000 ரூபாய் பில்லில் 2,000 தள்ளுபடி, மீதி 1,000 என்று எழுதி வாங்குங்கள். பணம் மிச்சமாவது ஒன்றுதான், கணக்கு சுத்தமாக இருக்கும். மச்சானுக்கும் அதே தள்ளுபடியில் பாதி கிடைக்குமா என்று கேட்டுப் பாருங்கள். பல இடங்களில் கேட்டால் தருகிறார்கள்.

சரி, இதெல்லாம் பரிசைப் பற்றி. எனக்கு உண்மையான கவலை வேறு. அந்த சர்வீஸ் உங்கள் வேலையைச் சரியாகச் செய்கிறதா என்று பார்த்துவிட்டீர்களா? பார்க்காமல் இன்னொருவரை அங்கே சேர்க்காதீர்கள்.

எப்படிப் பார்ப்பது? உங்கள் கொத்தனார்களில் ஒருவரை அழைத்து, அவர் போனில் உமங் என்ற அரசுச் செயலியில் பிஎஃப் பாஸ்புக்கைத் திறக்கச் சொல்லுங்கள். அவருக்கு மாதம் 15,000 ரூபாய் சம்பளத்துக்கு பிஎஃப் கட்டப்படுகிறது என்றால், ஒவ்வொரு மாத வரிசையிலும் மூன்று தொகைகள் இருக்க வேண்டும்: அவர் பங்கு 1,800, உங்கள் பங்கு 550, பென்ஷனுக்கு 1,250. மாதம் விட்டு மாதம் காலியாக இருந்தாலோ, 15,000 என்று சொல்லி உங்களிடம் பணம் வாங்கிக்கொண்டு 7,000 ரூபாய்க்குக் கட்டியிருந்தாலோ அங்கேயே தெரிந்துவிடும். சம்பளம் ஜூன் மாதத்தது என்றால் பிஎஃபும் இஎஸ்ஐயும் ஜூலை 15-க்குள் கட்டியிருக்க வேண்டும். சாரல் காலத்தில் வேலை குறைந்து ஆள் குறைந்தாலும் கட்டாமல் இருக்க முடியாது. வேலைக்கு வந்த நாள்களுக்குக் கணக்கு உண்டு.

அப்புறம் வருமான வரித் தளத்தில் உங்கள் பெயரில் இருக்கும் சுயவிவரப் பக்கம். அங்கே முதன்மை மொபைல் எண் என்ற இடத்தில் யாருடைய எண் இருக்கிறது? என்னிடம் வரும் ஆட்களில் பலருக்கு அந்த இடத்தில் சர்வீஸ்காரரின் எண்தான் இருக்கிறது. மின்னஞ்சலும் அவர்களுடையதே. துறையிலிருந்து வரும் நோட்டீஸ் அவர்களுக்குப் போகிறது, ஓடிபி அவர்களுக்குப் போகிறது, பான் கார்டுக்குச் சொந்தக்காரருக்கு எதுவுமே தெரிவதில்லை. இரணியல் பக்கத்து டைல்ஸ் காண்டிராக்டர் ஒருவருக்கு மூன்று நோட்டீஸ் வந்து, மூன்றுக்கும் பதில் போடாமல் விட்டிருந்தார்கள். அவருக்கு விஷயம் தெரிந்ததே வங்கியில் கடன் கேட்கப் போனபோதுதான். எண்ணை மாற்ற ஐந்து நிமிடம் போதும். அதை இன்றே செய்யுங்கள்.

கடைசியாக ரீஃபண்ட். இதில்தான் நம் ஆட்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். மேல் காண்டிராக்டர் ஒரே பில்லில் 30,000 ரூபாய்க்கு மேலோ, வருடத்தில் மொத்தம் ஒரு லட்சத்துக்கு மேலோ கொடுத்தால் டிடிஎஸ் பிடிக்க வேண்டும். தனி ஆளுக்கு 1 சதவீதம். உங்கள் பில் வருடத்துக்கு 24 லட்சம் என்று வையுங்கள். 24,000 ரூபாய் பிடித்திருப்பார்கள். அது, 26ஏஎஸ் என்று நாம் சொல்லிப் பழகிய, பிடித்த வரியைக் காட்டும் அறிக்கையில் உங்கள் பான் எண்ணுக்கு நேரே இருக்கும். முழுவதும் வங்கி வழியே வந்திருந்தால் 6 சதவீத லாபம் 1,44,000 ரூபாய். உண்மையில் அதற்கு மேல் சம்பாதித்திருந்தால் அதைத்தான் காட்ட வேண்டும். 20 சதவீதம், அதாவது 4,80,000 என்று காட்டினாலும் புதிய வரி முறையில் கழிவு போக வரி வராது. ஆக 24,000 ரூபாயும் திரும்பி வரும். இதில் என்ன கெட்டிக்காரத்தனம் இருக்கிறது? சட்டப்படி உங்களுக்கு வர வேண்டிய உங்கள் பணம். அதை வாங்கித் தந்ததற்கு மூன்றில் ஒரு பங்கு கேட்கும் சர்வீஸ்கள் இருக்கின்றன. அப்படி மச்சானின் ரீஃபண்டிலிருந்து எடுத்த எட்டாயிரத்திலிருந்துதான் உங்களுக்கு இரண்டாயிரம் பரிசு வருகிறது என்றால், அது மச்சானின் பணம். உங்கள் சர்வீஸ் நிலையான கட்டணமா, ரீஃபண்டில் பங்கா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பங்கு என்றால் யாரையும் அங்கே அனுப்ப வேண்டாம்.

கேள்வி: நான் சித்தாள் வேலைக்குப் போகிறேன். நல வாரிய அட்டை எடுத்துத் தருவதாக ஒருவர் ஆளுக்கு 500 ரூபாய் வாங்குகிறார். ஐந்து பெண்களைச் சேர்த்துக் கொடுத்தால் எனக்கு இலவசம் என்கிறார். சேர்க்கலாமா?
— ஒரு வாசகி, வில்லுக்குறி

பதில்: சேர்க்காதீர்கள் அக்கா. தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியத்தில் பதிவு செய்யக் கட்டணமே கிடையாது. எல்லோருக்கும் இலவசமாக இருப்பதை உங்களுக்கு மட்டும் இலவசம் என்கிறார். 18 வயது முடிந்து 60 வயதுக்குள் இருக்கும் கட்டடத் தொழிலாளி யாரும் பதியலாம். 1994-இல் தொடங்கிய வாரியம் இது. பெரிய கட்டடங்களின் செலவில் 1 சதவீதம் வரியாக வசூலித்து, அந்தப் பணத்தில் பிள்ளைகளின் படிப்பு, திருமணம், பிரசவம், விபத்து, 60 வயதுக்குப் பின் ஓய்வூதியம் என்று உதவி தருகிறார்கள். நீங்கள் மண் சுமந்த கட்டடத்திலிருந்து வசூலித்த பணம், உங்களுக்கு உரியது. ஆதார், ரேஷன் கார்டு, வங்கிப் புத்தகம், போட்டோ எடுத்துக்கொண்டு இ-சேவை மையத்துக்குப் போங்கள். ஸ்கேன் செய்யவும் பதிவேற்றவும் மையத்தில் சின்னத் தொகை வாங்கலாம், அவ்வளவுதான். சந்தேகம் இருந்தால் நாகர்கோவிலில் தொழிலாளர் உதவி ஆணையர் (சமூகப் பாதுகாப்புத் திட்டம்) அலுவலகத்தில் கேளுங்கள். அந்த ஐந்து பெண்களையும் கூட்டிக்கொண்டே போங்கள்.

கேள்வி: என் தம்பி இங்கிலாந்தில் எம்.எஸ்ஸி. படிக்கிறான். விடுமுறை நாள்களில் கட்டட வேலைக்குப் போகிறான். நேரடியாக வேலை தருபவர் சம்பளம் தருவதில்லை. இடையில் ஒரு பேரோல் கம்பெனி 20 சதவீதம் வரி பிடித்து, தன் கட்டணத்தையும் எடுத்துக்கொண்டு மீதியைத் தருகிறது. நண்பர் ஒருவரைச் சேர்த்தால் 100 பவுண்டு என்று அந்தக் கம்பெனி சொல்லியிருக்கிறது. அறையில் உடன் இருக்கும் நம் மாவட்டத்துப் பையன்களைச் சேர்க்கப் போகிறானாம். பிரச்சினை ஏதும் வருமா?
— ஒரு அண்ணன், கருங்கல்

பதில்: வரும். இந்தப் பதிலைப் படித்தவுடனே தம்பிக்கு போன் போடுங்கள்.

அந்த 20 சதவீதம், சிஐஎஸ் என்று சுருக்கமாகச் சொல்லப்படும் கட்டுமானத் துறைத் திட்டத்தின்படி பிடிப்பது. அங்கே சப்-காண்டிராக்டராக, அதாவது சுயதொழில் செய்பவராகக் கட்டட வேலை பார்க்கிறவருக்குத்தான் இந்தப் பிடித்தம். வரித்துறையில் பதிந்திருந்தால் 20, பதியாவிட்டால் 30 சதவீதம். பொருள் வாங்கிய செலவுக்குப் பிடிக்கக் கூடாது, கூலிக்கு மட்டும்தான். நம் ஊர் டிடிஎஸ்ஸுக்குப் பெரியப்பா மகன் மாதிரி வைத்துக்கொள்ளுங்கள்.

சிக்கல் அந்த சுயதொழில் என்பதில் இருக்கிறது. மாணவர் விசாவில் சுயதொழில் செய்யவே அனுமதி இல்லை. பட்டப் படிப்பு மாணவர் படிப்புக் காலத்தில் வாரம் 20 மணி நேரம் வரை ஒரு முதலாளியிடம் சம்பளத்துக்கு வேலை பார்க்கலாம். விடுமுறையில் அதற்கு மேலும் பார்க்கலாம், ஆனால் அப்போதும் சம்பள வேலை மட்டும்தான். சிஐஎஸ் பிடித்தத்தோடு ஒவ்வொரு வாரமும் பணம் வாங்கினால், தான் சுயதொழில் செய்கிறேன் என்று அரசாங்கத்துக்கே ஆதாரம் கொடுத்துக்கொண்டிருக்கிறான் என்று அர்த்தம். நாளை விசா மாற்றும்போது அந்தத் தாள்களே அவனுக்கு எதிராக வந்து நிற்கும். அறை நண்பர்களும் மாணவர் விசாவில் இருந்தால், நூறு பவுண்டுக்காக அவர்களையும் அதே குழியில் இறக்குகிறான். நிலத்தை ஈடு வைத்துப் பிள்ளையை அனுப்பிய வீடுகள் அவை. உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இதுவரை பார்த்த வேலையை மறைக்க முயல வேண்டாம். அந்த வேலையை இப்போதே நிறுத்தட்டும். பல்கலைக்கழகத்தில் வெளிநாட்டு மாணவர்களுக்கு விசா ஆலோசனை தரும் பிரிவு இருக்கும், அங்கே போய் உண்மையைச் சொல்லி வழி கேட்கட்டும். படிப்பு முடிந்து கிராஜுவேட் விசா கிடைத்தால் சுயதொழிலுக்கு அனுமதி உண்டு. அப்போது சிஐஎஸ்ஸில் பதிந்து தாராளமாக வேலை பார்க்கலாம்.

பிடித்த வரி வீணாகாது. ஒவ்வொரு மாதமும் 5-ஆம் தேதியோடு அங்கே வரி மாதம் முடிகிறது. அதிலிருந்து 14 நாளுக்குள் பிடித்த தொகைக்கான அறிக்கையை அந்தக் கம்பெனி தர வேண்டும். தம்பி எல்லா அறிக்கைகளையும் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்தட்டும். ஏப்ரல் 5-இல் முடியும் ஆண்டுக்கு அடுத்த ஜனவரி 31-க்குள் ரிட்டர்ன் போட வேண்டும். 12,570 பவுண்டு வரை வருமான வரி இல்லை என்பதால், குறைவாகச் சம்பாதித்தவருக்குப் பிடித்ததில் பெரும்பகுதி திரும்பி வர வாய்ப்பு உண்டு. விசா சரியாக இருக்கும் நண்பர் ஒருவர் இதே போலப் பரிசு வாங்கினால் என்ன ஆகும் என்றால், சுயதொழில், சில்லறை வருமானம் எல்லாம் சேர்த்து வருடத்துக்கு 1,000 பவுண்டு வரை விலக்கு உண்டு. ஆனால் அவர் தன் கட்டட வேலைக்கான செலவுகளைக் கழிக்கிறவர் என்றால் அந்த விலக்கைச் சேர்த்து எடுக்க முடியாது, பரிசையும் வருமானத்தில் காட்ட வேண்டும்.

கேள்வி: நான் மேல் காண்டிராக்டர். எனக்குக் கீழே எட்டு சப்-காண்டிராக்டர்கள். எல்லோரையும் ஒரே சர்வீஸில் சேரச் சொன்னால், ஆளுக்கு மாதம் 300 ரூபாய் எனக்குத் தருவதாக அந்த சர்வீஸ் சொல்கிறது. கணக்கு ஒரே இடத்தில் இருந்தால் எனக்கும் வசதி. கட்டாயப்படுத்தலாமா?
— ஒரு காண்டிராக்டர், நாகர்கோவில்

பதில்: ஒரே இடத்தில் இருப்பது வசதி என்பதை ஒப்புக்கொள்கிறேன். அந்த 300 ரூபாயை மட்டும் வாங்காதீர்கள் சார்.

உங்களுக்குக் கீழே இருப்பவர் தன் ஆட்களுக்கு பிஎஃப், இஎஸ்ஐ கட்டாவிட்டால் பொறுப்பு உங்கள் தலையில்தான் விழும். முதலில் நீங்கள் கட்டிவிட்டு, பிறகு அவர் பில்லில் பிடித்துக்கொள்ள வேண்டும். அதனால் அந்த சர்வீஸ் ஒழுங்காகக் கட்டுகிறதா என்று மாதாமாதம் சோதிக்க வேண்டிய ஆள் நீங்கள். சோதிக்க வேண்டியவர்களிடமே மாதம் 2,400 ரூபாய் வாங்கினால், செலான் ஒன்று விடுபட்டிருக்கும்போது உரக்கக் கேட்க வாய் வருமா? சாரத்திலிருந்து ஒரு கையாள் விழுந்து இடுப்பு முறிந்தது என்று வைத்துக்கொள்வோம். இஎஸ்ஐ பதிவு இருந்தால் சிகிச்சையும், வேலைக்குத் திரும்பும் வரை கூலியில் 90 சதவீதமும் அங்கிருந்து கிடைக்கும். இல்லாவிட்டால் மருத்துவமனைச் செலவு, நஷ்ட ஈடு, போலீஸ் ஸ்டேஷன் என்று உங்கள் பெயர்தான் ஓடும். அந்தக் குடும்பத்தின் பாட்டை நினைத்துப் பாருங்கள்.

வருடத்துக்கு 28,800 ரூபாய் என்பதால் டிடிஎஸ்ஸும் பிடிப்பார்கள், உங்கள் பெயர் அவர்கள் கணக்கில் கமிஷன் ஏஜெண்டாக ஏறும். உங்கள் சப்-காண்டிராக்டர்கள் என்றாவது அதைப் பார்ப்பார்கள். அந்த 300 ரூபாயை அவர்கள் ஒவ்வொருவரின் கட்டணத்திலும் குறைக்கச் சொல்லுங்கள். எட்டுப் பேரை மொத்தமாகத் தருகிறீர்கள், நீங்கள் சொன்னால் குறைப்பார்கள். சேர விரும்பாதவரைக் கட்டாயப்படுத்த வேண்டாம். யாரிடம் பார்த்தாலும் சரி, முந்தைய மாதத்து பிஎஃப், இஎஸ்ஐ செலானும் ஆட்களின் பெயர்ப் பட்டியலும் வந்த பிறகுதான் பில் பாஸாகும் என்று ஒப்பந்தத்தில் எழுதிவிடுங்கள்.

கேள்வி: சர்வீஸை மாற்றப் போகிறேன் என்றதும், போன வருடம் தந்த பரிசுப் பணத்தைத் திருப்பிக் கேட்கிறார்கள். தராவிட்டால் என் கணக்குகளைத் தர மாட்டார்களாம்.
— ஒரு பெயிண்டிங் காண்டிராக்டர், குளச்சல்

பதில்: பரிசு தரும்போது "இத்தனை மாதத்துக்குள் விலகினால் திருப்பித் தர வேண்டும்" என்று எழுதி உங்களிடம் கையெழுத்து வாங்கியிருந்தால் கொடுத்துவிடுங்கள். அப்படி எதுவும் இல்லையென்றால் கொடுக்க வேண்டியதில்லை. எப்படியானாலும் அதற்காக உங்கள் கணக்குகளைப் பிடித்து வைக்க அவர்களுக்கு என்ன உரிமை? தாக்கல் செய்த ரிட்டர்ன்களும் செலான்களும் அரசுத் தளங்களில் உங்கள் பெயரிலேயே இருக்கின்றன. பாஸ்வேர்டு தர மறுத்தால் 'மறந்துவிட்டது' வழியாக ஆதார் ஓடிபி மூலம் வருமான வரித் தளத்தில் நீங்களே புதிதாக அமைக்கலாம், ஆதாரோடு உங்கள் மொபைல் எண் இணைந்திருந்தால் போதும். ஜிஎஸ்டி தளத்தில் பதிவான எண் அவர்களுடையது என்றால், உங்கள் பகுதி ஜிஎஸ்டி அதிகாரியிடம் அடையாளச் சான்றோடு போய் எண்ணையும் மின்னஞ்சலையும் மாற்றக் கேளுங்கள், மாற்றித் தருவார்கள். டிஜிட்டல் கையெழுத்துக்கான யுஎஸ்பி சாதனம் அவர்களிடம் இருந்தால் அதை முதலில் வாங்குங்கள். உங்கள் கையெழுத்து இன்னொருவர் மேசை டிராயரில் கிடக்கக் கூடாது.

மாற்றும் தேதியையும் பார்த்து வையுங்கள். மாதாமாதம் தாக்கல் செய்பவர் என்றால் 11-இல் விற்பனை விவரம், 15-இல் பிஎஃப், இஎஸ்ஐ, 20-இல் ஜிஎஸ்டி கட்டுவது என்று வரிசையாக வரும். 21-க்கு மேல் மாற்றினால் அந்த மாத வேலை முடிந்திருக்கும், புதிதாக வருபவருக்கும் பழைய கணக்கைப் படிக்க இரண்டு வாரம் கிடைக்கும்.